மந்திரிக்கலாமா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? எல்லைப்புற வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்களிலேயே 26 வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்கிறார்கள்: “அக்கா, எங்க பொண்ணு ஒரு மாதிரி இருக்கா. மந்திரிக்கலாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?” அவர்களிடம் சொல்லி வந்த பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பேய் என்று ஒன்று உண்டா, இல்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறவள். அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை. உங்கள் மகள் மூன்று நாளாகத் தூங்கவில்லை, சோறு இறங்கவில்லை என்றால், இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அவளைக் காக்க வைக்க முடியாது. பேய் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவளுக்குத் தண்ணீர் வேண்டும், தூக்கம் வேண்டும், அவள்மேல் அடி விழக்கூடாது. இதில் எந்தச் சாமியும் குறுக்கே நிற்காது.

அப்படியானால் சடங்கால் நன்மை உண்டு என்கிறீர்களா?

உண்டு. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊரில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண். ஆறு மாதத்தில் கண் சொருகி, பல்லைக் கடித்து, ஆண் குரலில் பேச ஆரம்பித்தாள். ஊர் எல்லையில் இருக்கும் முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். கூட நானும் போயிருந்தேன். பூசாரி வேப்பிலையை எடுத்தார். ஆனால் அடிக்கவில்லை, தலையைச் சுற்றி வீசினார், அவ்வளவுதான். “யாரு நீ, எதுக்கு வந்தே?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் இருக்கும். கடைசியில் அந்தக் குரல் சொன்னது: “இவளை அந்த வீட்டுக்கு அனுப்பாதே. அங்கே ராத்திரியானா கதவை இடிக்கிறாங்க.” யார் இடிக்கிறார்கள் என்று பூசாரி கேட்கவில்லை. மாமியார் முகத்தையும், பின்னால் நின்ற கொழுந்தன் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். “மூணு அமாவாசை போகட்டும். அதுவரைக்கும் அம்மா வீட்டை விட்டு வரக்கூடாது, இது சாமி உத்தரவு” என்றார். எதிர்த்து ஒருத்தரும் பேசவில்லை. புருஷன் அவளைத் தேடி மாமனார் வீட்டுக்கு வந்து, கடைசியில் பொள்ளாச்சியில் தனிக் குடித்தனம் போனார்கள். அந்தக் குரல் அப்புறம் வரவில்லை.

அந்தப் பெண் தன் வாயால் அதைச் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? சாமி முன்னால், வேறு ஒருவர் குரலில் சொன்னதால் கேட்டார்கள். சடங்கின் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். வாய் திறக்க முடியாதவர்களுக்கு ஒரு வாய் கிடைக்கிறது. சொந்தபந்தம் எல்லாம் வேலையை விட்டுவிட்டு ஒரு ராத்திரி அவளுக்காக விழித்திருக்கிறது. ‘இது அவள் குற்றம் இல்லை’ என்று ஊரே ஒப்புக்கொள்கிறது.

ஆராய்ச்சியும் இதன் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் கவனித்து 2002-இல் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருக்கிறார்கள். மருந்து இல்லை, அடி உதை இல்லை, தனியாகப் பேய் ஓட்டும் சடங்கும் இல்லை. கூட ஒரு சொந்தக்காரர் இருந்தார். காலையில் சின்னதாகப் பூஜை, கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, அவ்வளவுதான். நோயின் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. 31 பேர் மட்டும்தான் என்பதையும், முழுக் குணம் இல்லை, ஐந்தில் ஒரு பங்கு என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் குணம் தந்தது எது என்று பாருங்கள்: இடம், துணை, மரியாதை.

சாமி வருவதும் பேய் பிடிப்பதும் ஒன்றா?

ஊரில் நாம் ஒன்றாகப் பார்ப்பதில்லை, மருத்துவர்களும் பார்ப்பதில்லை. திருவிழாவில் உடுக்கைச் சத்தம் கேட்டு அருள் வந்து ஆடுகிறவர், தீர்த்தம் தெளித்ததும் மலையேறி, மறுநாள் காலையில் தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருப்பார். அது நோய் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், தன்னை வேறொன்று ஆட்கொண்டது போன்ற நிலைக்குத் தனிப் பெயரே இருக்கிறது. ஆனால் அவரவர் பண்பாட்டிலும் மதத்திலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமாக இருந்தால் அதை நோயாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. வேண்டாத நேரத்தில் வந்து, திரும்பத் திரும்ப வந்து, வேலையையும் வாழ்க்கையையும் கெடுத்தால்தான் சிகிச்சை.

பிறகு ஆபத்து எங்கே இருக்கிறது?

சடங்கு உடம்பைத் தொடும் இடத்தில்.

என் சித்திக்குப் பத்தொன்பது வயதில் வலிப்பு வந்தது. கிணற்றடியில் விழுந்து கையும் காலும் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தியின் பேய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு கோடாங்கி வந்தார். நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உடுக்கை அடித்தார். வரமிளகாயைத் தணலில் போட்டு அந்தப் புகையில் அவள் தலையைப் பிடித்து அமுக்கினார். அப்புறம் வலது உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, “பேர் சொல்லு, பேர் சொல்லு” என்று விரல்களை மூடவிடாமல் பிடித்துக்கொண்டார். சித்தி தெரிந்த பேரையெல்லாம் சொன்னாள். இரண்டாவது பேர் என் அம்மாவின் பேர். வலி தாங்காமல் நினைவுக்கு வந்த பேரைச் சொன்னாள், வேறொன்றுமில்லை. அதை வைத்து ‘அக்காக்காரிதான் செய்வினை வைத்தாள்’ என்று இரண்டு குடும்பமும் நான்கு வருடம் பேசாமல் இருந்தன.

உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் மறுபடி வலிப்பு வந்தது. ‘பேய் முரண்டு பிடிக்கிறது’ என்று இன்னொரு பூஜை. ஒரு வருடம் இப்படியே போனது. கடைசியில் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், தினமும் ராத்திரி போடச் சொல்லி விலை மலிவான ஒரு மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் வலிப்பு நின்றுவிட்டது.

சித்திக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. வலது உள்ளங்கையில் ஐம்பது பைசா அகலத்தில் தோல் சுருங்கிய தழும்பு இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசையும்போது அந்தக் கையை முழுதாக விரிக்க முடியாது. ஆனாலும் அமாவாசைக்கு அமாவாசை அம்மனுக்கு எலுமிச்சம்பழம் குத்தி வைக்கிறாள். மாத்திரையையும் விபூதியையும் ஒரே டப்பாவில்தான் வைத்திருக்கிறாள். அவளிடம் இரண்டில் ஒன்றை விடச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

முறையாக மாத்திரை போட்டால் வலிப்பு நோயாளிகள் 10 பேரில் 7 பேர் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

பட்டினி போடுவது, கற்பூரம் கொடுப்பது, மருந்தை நிறுத்துவது: இதெல்லாம் விரதம் மாதிரிதானே?

இல்லை. விரதம் தானாக எடுப்பது.

அளவு மீறிய உற்சாகமும் அளவு மீறிய சோர்வும் மாறி மாறி வருகிறவர்கள் சிலருக்கு லித்தியம் என்ற மருந்து கொடுப்பார்கள். அதைச் சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்காமல் பட்டினி கிடந்தாலோ, வாந்தி எடுக்கவைத்தாலோ, மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். பார்க்கிறவர்கள் பேய் அதிகமாகிவிட்டது என்பார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கற்பூரத்தை விழுங்கினால் அதுவே வலிப்பை வரவைக்கும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் போனாலே போதும். மாத்திரையை நிறுத்தினால்தான் பூஜை பலிக்கும் என்று ஒருவர் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இது ஒன்றையாவது கேளுங்கள்.

பேய் பிடித்தது போலவே தெரியும் உடம்பு நோய்கள் உண்டா?

நிறைய. ராத்திரியில் நெஞ்சின்மேல் ஏறி யாரோ அமுக்குவது போலவும், கத்த நினைத்தும் குரல் வராதது போலவும் இருப்பதை அமுக்குவான் பேய் என்கிறோம். மனசு விழித்துக்கொண்டு உடம்பு இன்னும் தூக்கத்தில் இருக்கும் நிலை அது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக விலகும், பயப்பட ஒன்றுமில்லை.

வயதானவர்கள் விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருங்கள். நேற்றுவரை நன்றாக இருந்த பாட்டி, இன்று செத்துப்போன தாத்தாவோடு பேசுகிறாள், பேரனைத் தெரியவில்லை என்றால், முதலில் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருப்பார். இல்லாவிட்டால் பிரஷர் மாத்திரையால் சோடியம் குறைந்திருக்கும், அல்லது மூத்திரத்தில் கிருமி இருக்கும். மூன்றும் சாதாரண ரத்த, மூத்திரப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இளம் பெண்களுக்கு வருகிற ஒன்றும் இருக்கிறது. நல்ல சுறுசுறுப்பான பெண் சில நாட்களிலேயே உளறி, பயந்து, வாயைக் கோணலாக இழுத்து, வலிப்பு வந்து, மரக்கட்டையாக விறைத்துப்போவாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூளையையே தாக்குவதால் வருகிற மூளை அழற்சி அது. 2007-இல்தான் மருத்துவ உலகம் இதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்தது. சிலருக்குக் கருப்பையை ஒட்டிய சினைப்பையில் கட்டி இருக்கும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். எத்தனை பெண்கள் இதற்காகப் புளியமரத்தடியில் அடி வாங்கியிருப்பார்களோ.

வலிப்பு வரும்போது கையில் சாவிக் கொத்தையோ இரும்பையோ திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிதான்.

குழந்தை பெற்ற பெண் உளறுகிறாள். தீட்டு நேரத்தில் காத்து கருப்பு அண்டிவிட்டது என்கிறார்கள்.

இது அவசரம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், இப்படி வரும். தூக்கமே இருக்காது. ‘இது என் குழந்தை இல்லை’ என்பாள், யாரோ காதில் பேசுவதாகச் சொல்வாள். தன்னையோ குழந்தையையோ அவள் எதுவும் செய்துவிடக்கூடும். அதனால் ஒரு ராத்திரிகூடத் தாமதிக்காதீர்கள், தாயையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். நன்றாகக் குணமாகும் நோய் இது. வேப்பிலையை வாசலில் கட்ட வேண்டுமானால் கட்டிவிட்டு, அன்றைக்கே வண்டி ஏறுங்கள்.

கேரளத்து மாந்திரீகம் சக்தி அதிகம் என்கிறார்களே?

எல்லையில் இருப்பதால் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். கோயம்புத்தூர், திருப்பூரிலிருந்து ‘மலையாள மாந்திரீகம்’ தேடி கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி இங்கே கார் வருகிறது. எங்கள் ஊர்க்காரர்களோ, உடுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கோடாங்கி இருக்கிறார், அவர்தான் சரி என்று அங்கே பஸ் ஏறுகிறார்கள். மலையாளத்தில் ‘பாத’ என்கிறார்கள், நாம் பேய் என்கிறோம், துன்பம் ஒன்றுதான்.

பெயர் பெற்ற பெரிய கோயில்களைப் பற்றி நான் பயப்படுவதில்லை. எர்ணாகுளம் பக்கம் சோட்டாணிக்கரை பகவதி கோயிலில், கீழ்க்காவு என்ற சன்னதியில் ராத்திரி நடக்கும் குருதி பூஜைக்கு எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ போய் வந்திருக்கின்றன. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவந்த நீர்தான் அங்கே குருதி. முன்பு ரத்தம் இருந்த இடத்தில் இன்று மஞ்சள் நீர் இருக்கிறது என்றால், சடங்கு மாறும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அங்கேயே பாலை மரத்தில் ஆணிகள் அறைந்திருப்பதைப் பார்க்கலாம். நெற்றியால் முட்டி ஆணியை இறக்கும் வழக்கத்தின் மிச்சம். அது என் மனசுக்கு ஒப்பவில்லை.

என் பயம் எல்லாம் ஆள் தெரியாத இடங்கள்தான். தனி அறை, சாத்திய கதவு, ‘பெண்ணை மட்டும் உள்ளே அனுப்புங்கள்’ என்ற பேச்சு. இப்போது வீடியோ காலில் குறி சொல்லி, போனிலேயே பணம் வாங்கி, பெண்ணின் போட்டோவை அனுப்பச் சொல்கிறவர்களும் வந்துவிட்டார்கள். ஒரு குடும்பம் பசுமாட்டை விற்று முதல் தவணை கட்டியது. இரண்டாவது தவணைக்குத் தோட்டத்தை ஒத்திக்கு விட்டது. தாயோ அக்காவோ கூட நிற்கக்கூடாது என்று சொல்லும் பூஜை எந்த மதத்திலும் தேவையில்லை.

சர்ச்சிலும் தர்காவிலும் செய்கிறார்களே, அங்கே பாதுகாப்பா?

இடத்தைப் பொறுத்தது. கத்தோலிக்கச் சபையில் எந்தப் பாதிரியாரும் தன் இஷ்டத்துக்குப் பேய் ஓட்ட முடியாது. மறைமாவட்ட ஆயரின் தனி அனுமதி வேண்டும் என்று சபைச் சட்டத்தின் 1172-ஆம் பிரிவு சொல்கிறது. 1614 முதல் இருந்த சடங்கு நூலை 1999-இல் புதுப்பித்தபோது, நோயா என்று முதலில் ஆராய வேண்டும் என்பதை இன்னும் அழுத்திச் சொன்னார்கள். ஜெர்மனியில் நடந்த ஒரு மரணம் அதற்கு முன்பே உலகத்தை உலுக்கியிருந்தது. அனெலீஸ் மிஷெல் என்ற 23 வயதுப் பெண், வலிப்பு நோயாளி. பத்து மாதத்தில் 67 முறை அவளுக்குச் சடங்கு நடத்தினார்கள். 1976 ஜூலை 1 அன்று பட்டினியாலும் நீர் வற்றியும் செத்துப்போனாள். பெற்றோருக்கும் இரண்டு பாதிரியார்களுக்கும் 1978-இல் தண்டனை விதித்தார்கள். அனுமதி வாங்கித்தான் செய்தார்கள், அன்போடுதான் செய்தார்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

நம் பக்கத்தில் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவில் வேண்டிக்கொண்டதால் யாரும் சாகவில்லை, சங்கிலியால் செத்தார்கள். அதன் பிறகு ஏர்வாடி தர்காவிலேயே மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் ஏற்பாடு வந்தது. துவாவும் நடக்கும், மருந்தும் கிடைக்கும். எல்லா வழிபாட்டு இடத்துக்கும் இது வர வேண்டும் என்பது என் ஆசை.

சட்டம் என்ன சொல்கிறது?

பேய் ஓட்டுவதைத் தடுக்க என்று நாடு முழுவதற்கும் தனிச் சட்டம் இல்லை. மகாராஷ்டிரத்தில் 2013-லும் கர்நாடகத்தில் 2017-லும் மாநிலச் சட்டங்கள் வந்தன. ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 எல்லா மாநிலத்துக்கும் உண்டு. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அதன் 95-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்டவரை யாராவது கொடுமைப்படுத்துவது தெரிந்தால் போலீஸ் நிலையத்தில் சொல்ல வேண்டியது தெரிந்தவரின் கடமை. தாயத்து, மந்திரத்தால் வலிப்பும் சித்தப்பிரமையும் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ‘மத சுதந்திரம் இருக்கிறது’ என்று யாராவது வாதாடினால், அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு அந்தச் சுதந்திரத்தைப் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் மூன்றுக்கும் உட்பட்டுத்தான் தருகிறது என்று சொல்லுங்கள்.

குழந்தைக்குத் திருஷ்டி கழிப்பது, கயிறு மந்திரித்துக் கட்டுவது?

தாராளமாகச் செய்யுங்கள். கயிறு கழுத்தில் வேண்டாம், இடுப்பில் கட்டுங்கள். குழந்தை பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் மட்டும் உப்பு மிளகாய் சுற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

மாமியார், மாமனார் ஆஸ்பத்திரிக்குச் சம்மதிக்கவே மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

‘பேய் எல்லாம் பொய்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் எப்படிப் பேசுவேன் தெரியுமா? “அத்தை, நீங்க சொன்ன மாதிரியே பூஜை போடலாம். ஆனா பூஜை தாங்கணும்னா உடம்புல தெம்பு வேணுமில்லீங்களா? மொதல்ல டாக்டர்கிட்ட காட்டி ரெண்டு நாள் தூங்க வெச்சுக்கலாம்.” இதற்கு மறுப்பு சொன்னவர்கள் குறைவு.

நல்ல பூசாரி ஒருவர் இருந்தால் அவர் நூறு நர்ஸுக்குச் சமம். முன்னே சொன்ன முனியப்பன் கோயில் பூசாரியிடம் போய் நான் வெளிப்படையாகக் கேட்டேன்: “அண்ணா, வலிப்பு, பிரசவம் ஆன பொண்ணு, இப்படி யாராவது வந்தா என்கிட்ட அனுப்புங்க.” அவர் யோசித்துவிட்டு, “அனுப்பறேன், ஆனா நீயும் கோயிலுக்குப் போகாதேன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது” என்றார். ஒத்துக்கொண்டேன். அதற்கப்புறம் விபூதி பூசிவிட்டு, ‘மாத்திரையும் போடணும்னு சாமி சொல்லுது’ என்று எத்தனையோ பேரை அனுப்பி வைத்தார். என் பேச்சுக்கு வராதவர்கள் அவர் பேச்சுக்கு வந்தார்கள்.

சரி, எங்கே போவது? யாரைக் கூப்பிடுவது?

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாளில் எங்கே வருவார் என்று அவர்கள் சொல்வார்கள். படுக்க வைத்துப் பார்க்க வேண்டுமானால் எங்களுக்குப் பக்கம் திருச்சூர் அரசு மனநல மையம், அந்தப் பக்கம் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி. போனில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். கேரளத்தில் 1056-ம் உண்டு. குழந்தையை யாராவது துன்புறுத்தினால் 1098, அடிதடி என்றால் 112.

ஆம்புலன்ஸுக்கு 108. எல்லையில் செல்போன் டவர் மாறி, இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே எடுப்பதுண்டு. அதனால் எடுத்தவுடன் எந்த மாநிலம், எந்த ஊர் என்று சொல்லிவிடுங்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதி கொடுத்த பொடி, எண்ணெய் ஏதாவது உள்ளே போயிருந்தால் அந்தப் பொட்டலத்தையும் கொண்டுபோங்கள். யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை, காட்டுங்கள். உள்ளே என்ன போயிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.